பழைய கம்ப்யூட்டரில் புது கிராபிக்ஸ் கார்டு போட்டதும் திரை கறுத்துப்போனால்

ராத்திரி பத்தரைக்கு மதுரையிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். "அண்ணே, கார்டு போட்டாச்சு, ஃபேன்லாம் சுத்துது, மானிட்டர்ல நோ சிக்னல்னு வருது. சரின்னு கார்டைக் கழட்டிட்டுப் பழையபடி போட்டா அதுவும் வரலண்ணே. போர்டு போயிருச்சா?" ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட டெஸ்க்டாப் அது. மூன்றாம் தலைமுறை ஐ5-3470, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், கம்பெனி கேபினெட். அதில் கேம் ஆட வேண்டும் என்று மாதக்கணக்கில் காசு சேர்த்து ஒரு ஜிடிஎக்ஸ் 1650 வாங்கியிருந்தான்.

போர்டு போகவில்லை, கார்டும் போகவில்லை. நாலைந்து சின்னக் கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன, ஒன்றைச் சரி செய்தால் அடுத்தது தலையைக் காட்டியது, அவ்வளவுதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இப்படி அழைப்பு வருவது இது முதல் தடவையும் இல்லை, அதனால் எந்த வரிசையில் பார்த்தேன், ஏன் அப்படிப் பார்த்தேன் என்று எழுதி வைத்துவிடுகிறேன். ஒரே ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வண்டி எங்கே நிற்கிறது? பட்டனை அழுத்தியதும் உயிரே இல்லையா, ஃபேன் சுற்றியும் படம் இல்லையா, விண்டோஸ் வந்த பிறகு கோளாறா, கேம் தொடங்கி பத்து நிமிடத்தில் அணைகிறதா? நாலுக்கும் காரணம் வேறு வேறு. ஒரே நேரத்தில் கேபிளையும் மாற்றி, பயாஸையும் (மிஷினைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்) மாற்றி, டிரைவரையும் (விண்டோஸ் கார்டோடு பேச உதவும் மென்பொருள்) அழித்துவிட்டு உட்கார்ந்தால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று கடைசி வரை தெரியாது.

முதலில் பழைய நிலைக்குத் திரும்புங்கள்

கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டிலேயே செருகி, மிஷின் முன்பு போல ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் பாதி பயம் போய்விடும். ஓடவில்லை என்றால் கார்டைப் பற்றி இப்போதைக்கு மறந்துவிடுங்கள், உள்ளே கைவிட்டபோது வேறு எதையோ அசைத்திருக்கிறீர்கள்.

சித்தி மகன் விஷயத்தில் அது ரேம். அந்தப் போர்டில் கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டின் பூட்டும் ரேமின் கீழ்க் கிளிப்பும் விரல் இடுக்கு தூரத்தில்தான் இருந்தன. கார்டைக் கழற்றும்போது பூட்டு என்று நினைத்து ரேம் கிளிப்பை அழுத்தியிருக்கிறான். மேலிருந்து பார்த்தால் ரேம் ஒழுங்காக உட்கார்ந்த மாதிரிதான் தெரியும். நான் நேரில் போய்க் கேபினெட்டைப் படுக்கப் போட்டு, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தபோதுதான் ஒரு முனை நூலிழை உயரம் தூக்கி நிற்பது தெரிந்தது. அழுத்தினேன், டக் என்று ஒரு சத்தம், பழைய டிஸ்ப்ளே வந்துவிட்டது. மூன்று நாள் தூக்கம் போனது அந்த டக்குக்காக.

கையை உள்ளே விடும் முன் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ரேமின் தங்க நிறத் தகடுகளை ரப்பர் வைத்துத் தேய்ப்பது நம் ஊர் சர்வீஸ்காரர்களின் ஆதி வைத்தியம், பல நேரம் பலிக்கவும் செய்யும். பழைய கார்டு வாங்கியிருந்தால் அதன் தகடுகளையும் லேசாகத் தேய்க்கலாம். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் தள்ளி வைத்துத் தேய்த்துவிட்டு, துணியால் துடைத்துவிட்டுச் செருகுங்கள். ஸ்லாட்டுக்குள் பத்து வருடத் தூசி இருக்கும், அதற்கு ஊதுவான் அல்லது காய்ந்த பிரஷ். வாயால் ஊதினால் எச்சில் போகும்.

கார்டைச் செருகும்போது பூட்டு தானாக மூடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால், பின்பக்கத் தகடு கேபினெட்டில் இடித்துக்கொண்டு கார்டின் மறுமுனை தூக்கி நிற்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த கேபினெட்களில் இது சகஜம். ஸ்க்ரூவை இறுக்கியதும் கார்டு சாய்ந்துகொள்ளும், ஸ்க்ரூவைத் தளர்த்தினால் படம் வரும், பார்க்கிறவர் பேய் என்பார்.

கேபிள் எங்கே இருக்கிறது

கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். மானிட்டர் கேபிள் கார்டில் செருகியிருக்கிறதா, பழக்க தோஷத்தில் மதர்போர்டிலேயே இருக்கிறதா? பெரும்பாலான பழைய போர்டுகள் கிராபிக்ஸ் கார்டைக் கண்டதும் தன் சொந்த டிஸ்ப்ளேயைத் தானே அணைத்துவிடும், அதனால் கேபிள் பழைய இடத்தில் இருந்தால் கறுப்புத் திரைதான்.

அதைவிடக் குழப்பம் மானிட்டர் பழசாக இருக்கும்போது வருகிறது. பழைய மிஷின் கூடவே பழைய மானிட்டரும் இருக்கும், அதில் நீல நிற விஜிஏ மட்டும் இருக்கும். இன்றைய கார்டுகளில் விஜிஏ கிடையாது. ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட், சிலவற்றில் டிவிஐ, அவ்வளவுதான். அந்த டிவிஐயைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய. முன்பெல்லாம் கார்டு டப்பாவிலேயே ஒரு சின்ன வெள்ளை டிவிஐ-விஜிஏ கட்டை வரும், செருகினால் வேலை செய்யும், ஏனென்றால் அந்தக் கார்டுகள் அனலாக் சிக்னலையும் சேர்த்தே அனுப்பின. என்விடியா 10 வரிசைக் கார்டுகளிலிருந்து அது போய்விட்டது. இப்போது இருப்பது டிஜிட்டல் மட்டும் தரும் டிவிஐ-டி. அந்தக் கட்டை அதில் ஏறாது, ஏறுகிற மாதிரி செய்து விற்கும் கட்டையிலும் படம் வராது. உள்ளே சிப் வைத்து டிஜிட்டலை அனலாக்காக மாற்றித் தரும் ஹெச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர்தான் வேண்டும். இதுவும் தலைவலிதான், ரெசல்யூஷன் சரியாக வராது, சில மானிட்டரில் படம் ஓரத்தில் வெட்டும். முடிந்தால் பக்கத்து வீட்டு டிவியைக் கடன் வாங்கியாவது ஹெச்டிஎம்ஐயில் நேராக ஒரு தடவை பார்த்துவிடுங்கள். படம் வந்தால் கார்டு நல்ல கார்டு, பிரச்சினை மானிட்டரில்.

டிஸ்ப்ளேபோர்ட்டில் ஒரு விசித்திரம் உண்டு. என்விடியாவின் மேக்ஸ்வெல், பாஸ்கல் காலத்துக் கார்டுகள் சிலவற்றை டிஸ்ப்ளேபோர்ட் 1.3 அல்லது 1.4 மானிட்டரோடு சேர்த்தால் விண்டோஸ் வரும்வரை திரை கறுப்பாகவே இருக்கும். அதற்கென்றே, கார்டுக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்க, என்விடியா ஒரு ஃபர்ம்வேர் கருவியை வெளியிட்டிருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060, 4060 டிஐ கார்டுகளுக்கும் இதே மாதிரி ஒரு கருவி உண்டு. ஆக, திரை கறுப்பாக இருக்கிறதே என்று உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அப்புறம் விண்டோஸ் லாகின் வருகிறது என்றால் அது வேறு கதை, ஹெச்டிஎம்ஐயில் மாற்றிச் செருகி அந்த ஃபர்ம்வேரைப் போட்டால் முடிந்தது.

இன்னொன்று. கார்டு ஃபேன் சுற்றவில்லை என்றதும் கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல கார்டுகளில் சூடு ஐம்பது அறுபது டிகிரியைத் தொடும்வரை ஃபேன் நின்றுதான் இருக்கும், அதுதான் அதன் வடிவமைப்பு. அதேபோல ஃபேன் சுற்றுகிறது என்பதற்காகக் கார்டு நல்ல கார்டு என்றும் அர்த்தமில்லை.

எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படியுங்கள்

எஸ்எம்பிஎஸ் என்பது மிஷினுக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம், ஏனென்றால் பணம் போவதும் புகை வருவதும் இந்த இடத்தில்தான்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் (மதர்போர்டில் கார்டு உட்காரும் இடம்) ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் தரும், அதிலும் 12 வோல்ட்டில் 66 வாட் வரைதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் கார்டின் தலையில் தனிக் கனெக்டர் இருக்கும்: 6 முள் என்றால் இன்னொரு 75 வாட், 8 முள் என்றால் 150 வாட். கார்டின் தலையில் கனெக்டர் இருந்து நீங்கள் அதில் எதையும் செருகவில்லை என்றால் படம் வராது, அல்லது பீப் அடிக்கும், அல்லது பவர் கேபிளைச் செருகச் சொல்லி ஒரு வரி வரும்.

பழைய மிஷினுக்கு எது தாங்கும்? ஜிடிஎக்ஸ் 1650 பெரும்பாலான மாடல்களில் 75 வாட், தனிக் கனெக்டர் வேண்டாம் (சில கம்பெனிகள் 6 முள் வைத்தும் விற்றன, படத்தைப் பார்த்து வாங்குங்கள்). 2024 தொடக்கத்தில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை 70 வாட். ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட். பவரைப் பொறுத்தவரை இவை மூன்றும் பழைய ஆபீஸ் மிஷினுக்கு ஏற்றவை. ஆர்எக்ஸ் 6600 என்றால் 132 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115 வாட். இவற்றுக்குத் தனிக் கனெக்டர் கட்டாயம், எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றத் தயாராக இருங்கள்.

லேபிளில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருப்பதைப் பார்க்காதீர்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த எண் வெறும் அலங்காரம். கீழே பொடி எழுத்தில் ஓர் அட்டவணை இருக்கும், அதில் +12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். ஆம்பை 12-ஆல் பெருக்கினால் வாட். 14 ஆம்ப் என்று இருந்தால் 168 வாட்தான், பிராசசருக்கும் கார்டுக்கும் டிஸ்குக்கும் சேர்த்து அவ்வளவுதான் படி. ஐ5-3470 ஒன்றே முழு வேலையில் 77 வாட் வரை எடுக்கும், கார்டு 75, மிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிராண்டட் கம்பெனி மிஷின்களில் இருக்கும் 240, 275 வாட் எஸ்எம்பிஎஸ்கள் எண்ணில் சிறியவையானாலும் பெரும்பாலும் சொன்ன வாட்டைத் தருபவை, இந்த அலங்கார 450-ஐவிட நம்பலாம். ஆனால் அவற்றுக்கும் வயதாகும்.

கனெக்டர் இல்லையே என்று டிஸ்குக்கான சாட்டா பவரிலிருந்து 8 முள்ளுக்கு மாற்றும் கேபிளை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் முட்கள் மொத்தமாக 54 வாட்டுக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. அதில் 150 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், நான் ஒரு தடவை மூக்கால் கண்டுபிடித்திருக்கிறேன். பிராசசருக்கான 8 முள் கேபிளையும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 முள் கேபிளையும் மாற்றிச் செருகவும் கூடாது, இரண்டிலும் 12 வோல்ட்டும் எர்த்தும் எதிரெதிர்ப் பக்கம் இருக்கின்றன. முள்ளின் வடிவம் பொருந்தாமல் தடுக்கும், ஆனால் பலசாலிகள் பலத்தைக் காட்டிவிடுகிறார்கள். அழுத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுவது என்று முடிவானால் கடைக்குப் போவதற்கு முன் மதர்போர்டின் பவர் கனெக்டரில் முட்களை எண்ணுங்கள். டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7010-இல் வழக்கமான 24 முள்தான். அடுத்து வந்த 7020, 9020 மாடல்களில் 8 முள் கனெக்டர், அதற்குத் தனி மாற்றுக் கேபிள் வாங்க வேண்டும். ஒல்லி கேபினெட் என்றால் சாதாரண எஸ்எம்பிஎஸ் உள்ளே நுழையவே நுழையாது, கார்டும் குட்டை வகைதான் ஏறும்.

பயாஸ், அந்தச் சின்ன பேட்டரி

கேபிள் சரி, ரேம் சரி, பவர் சரி. சித்தி மகன் மிஷினில் கார்டைத் திரும்பச் செருகினோம். அப்போதும் நோ சிக்னல். ஆனால் இந்தத் தடவை பீப் அடித்தது, அது நல்ல சகுனம், ஏனென்றால் போர்டு உயிரோடு இருந்து வாய்விட்டு ஏதோ சொல்கிறது. பழைய அவார்டு பயாஸில் ஒரு நீள பீப், இரண்டு குட்டை பீப் என்றால் டிஸ்ப்ளே கார்டு கோளாறு. ஆப்டிப்ளெக்ஸ் போன்ற பழைய டெல்லில் ஆறு பீப். ஹெச்பி காம்பாக் மிஷின்களில் பீப்போடு பவர் விளக்கும் ஆறு தடவை சிவப்பாக மின்னும். உங்கள் மாடலின் கையேட்டில் இந்தப் பட்டியல் இருக்கும், பீப்பை எண்ணுவதற்கு முன் போனில் பதிவு செய்துவிடுங்கள், எண்ணும்போது எப்படியும் தப்பும். போர்டில் ஸ்பீக்கர் இல்லாமலும் இருக்கலாம், அப்போது மௌனம்தான், மௌனத்துக்கு அர்த்தம் கற்பிக்காதீர்கள்.

கார்டைக் கழற்றிவிட்டு பயாஸுக்குள் போனேன். பதிப்பு 2012-இல் வந்தது, மிஷின் பிறந்த நாளிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. கார்டோ 2019-இல் அறிமுகமானது. ஏழு வருடம் கழித்துப் பிறந்த கார்டோடு எப்படிப் பேசுவது என்று அந்தப் பயாஸுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய கம்பெனி மிஷின்களில் கறுப்புத் திரைக்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் அனுபவம். மாடல் எண்ணைப் போட்டு கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் தேடினால் கடைசிப் பயாஸ் கிடைக்கும். கார்டு இல்லாமல், போர்டின் சொந்த டிஸ்ப்ளேயில் ஏற்றுங்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டு போய்விடும், அதனால் யூபிஎஸ் இல்லாத வீட்டில், மழை நாளில், இந்த வேலை வேண்டாம்.

ஏற்றிய பிறகு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். பிரைமரி டிஸ்ப்ளே, இனிட் டிஸ்ப்ளே ஃபர்ஸ்ட் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதை பிஇஜி அல்லது பிசிஐஇ (இரண்டும் கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டைக் குறிப்பவை) என்று வையுங்கள், ஆட்டோ என்பதைப் பழைய போர்டில் நம்புவதற்கில்லை. இரண்டாவது செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு), சோதிக்கும்வரை அணைத்து வையுங்கள். மூன்றாவது சிஎஸ்எம், அதாவது பழைய பயாஸ் முறையையும் அனுமதிக்கும் அமைப்பு. இதில்தான் கை நடுங்க வேண்டும். உங்கள் விண்டோஸ் பழைய எம்பிஆர் டிஸ்க் முறையில் நிறுவப்பட்டிருந்தால் சிஎஸ்எம்மை அணைத்ததும் டிஸ்கே காணவில்லை என்று சொல்லும். பயப்பட வேண்டாம், திரும்ப இயக்கினால் வந்துவிடும். நிரந்தரமாக யூஇஎஃப்ஐக்கு, அதாவது பயாஸின் புது முறைக்கு, போக விண்டோஸ் 10-இலேயே எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கருவி இருக்கிறது, ஃபைல்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு ஓட்டுங்கள். இன்டெல் ஆர்க் கார்டு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பழைய மிஷினுக்கு வேண்டாம். அதற்கு யூஇஎஃப்ஐயும் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே தடவையில் அணுகும் வழி) வசதியும் வேண்டும், இன்டெல்லே பத்தாம் தலைமுறை முதல் என்றுதான் சொல்கிறது.

பிஇஜி என்று வைத்தேன், சேமித்தேன், அணைத்தேன், கார்டைச் செருகினேன், மறுபடியும் கறுப்பு. கழற்றிப் பார்த்தால் பயாஸில் தேதி 2012 ஜனவரி 1. பிஇஜி என்று வைத்தது திரும்ப ஆட்டோவாகியிருந்தது. போர்டில் ரூபாய் நாணயம் மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி எப்போதோ செத்துப்போயிருக்கிறது. பவர் கேபிளைப் பிடுங்கும் ஒவ்வொரு தடவையும் எல்லாம் மறந்துபோகிறது, கார்டு செருகப் பிடுங்கித்தானே ஆக வேண்டும்! தெருமுனை வாட்ச் கடையில் முப்பது நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கும் பேட்டரி. புதிதாகப் போட்டு, தேதியைச் சரிசெய்து, பிஇஜி வைத்து, கார்டைச் செருகினோம். கம்பெனி லோகோ திரையில் வந்தபோது சித்தி எங்களைவிடச் சத்தமாகக் கை தட்டினார்.

தேதி தப்பாக இருந்தால் இன்னொரு தொல்லையும் வரும், பிரவுசர் எந்தத் தளத்தையும் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கும், டிரைவர் இறக்கவே முடியாது.

விண்டோஸ் வந்த பிறகு

படம் வந்துவிட்டது, ஆனால் எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக இருக்கிறது, டிவைஸ் மேனேஜரில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருக்கிறது என்றால் டிரைவர் மட்டும்தான் பாக்கி. நேராக என்விடியா அல்லது ஏஎம்டி தளத்திலிருந்து இறக்குங்கள். அதற்கு முன் உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். பழைய ஆபீஸ் மிஷின்களில் 32 பிட் விண்டோஸ் இன்னும் ஓடுகிறது, 32 பிட்டுக்குப் புது டிரைவர் செய்வதை என்விடியா 2018-லேயே நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7-க்கும் இப்போது புது டிரைவர் இல்லை. மதர்போர்டு பழசு, விண்டோஸும் பழசு என்றால் இந்தச் சாக்கில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவது நேரம் மிச்சம்.

முன்பு வேறு கார்டு இருந்த மிஷின் என்றால், சேஃப் மோடில் போய் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியால் பழைய டிரைவரை வேரோடு பிடுங்கிவிடுங்கள், அப்போது நெட்டையும் துண்டித்து வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் பிடுங்கப் பிடுங்க விண்டோஸ் அப்டேட் பின்னாலேயே ஒன்றை நட்டுக்கொண்டு வரும். நிறுவும்போது திரை சில விநாடி அணைந்து அணைந்து வரும், அது இயல்பு, அந்த நேரத்தில் ரீசெட்டை அழுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்தால் அதைத் திறந்து எண்ணைப் பாருங்கள். 12 என்றால் போர்டால் கார்டுக்கு முகவரி இடம் ஒதுக்க முடியவில்லை: பயாஸ் புதுப்பிப்பு, அபவ் 4ஜி டிகோடிங் என்ற அமைப்பு இருந்தால் அதை இயக்குவது. 43 என்றால் டிரைவர் கார்டோடு பேசிப் பார்த்துக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். சுத்தமாக நிறுவியும் 43 போகவில்லை, கார்டு ஆன்லைனில் நம்ப முடியாத விலைக்கு வாங்கியது என்றால், ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற 2010-11 காலத்துக் கார்டுகளின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற வியாபாரம் ஒன்று நடந்தது. ஜிபியு-இசட் அப்படிப்பட்டவற்றைக் கண்டுபிடித்தால் பெயருக்கு முன்னாலேயே போலி என்று ஆங்கிலத்தில் போட்டுக் காட்டும். அதற்கு வைத்தியம் இல்லை, பணத்தைத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்.

கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில்

அடுத்த ஞாயிறு மறுபடி போன். "அண்ணே, சூப்பரா ஓடுது, ஆனா சண்டை வர்ற நேரம் பாத்து ஆஃப் ஆயிருது."

எப்படி அணைகிறது என்று கேட்டேன். இது முக்கியம். கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்தால், அல்லது திரை ஒரு விநாடி கறுத்து டிரைவர் மீண்டது என்று வந்தால், டிரைவர், சூடு, அல்லது கார்டின் மெமரி. மிஷினே பொத்தென்று அணைந்தால், நீலத்திரைகூட வராமல் அணைந்தால், சந்தேகம் பவர் மேல். விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று இருக்கும், ஆனால் அது ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது, யார் குற்றவாளி என்று சொல்லாது.

அவனுடையது பொத்தென்று அணைகிற ரகம். முதலில் யூபிஎஸ்ஸைத் தாண்டி நேராகச் சுவரில் செருகச் சொன்னேன். வீட்டு 600 விஏ யூபிஎஸ்ஸில் இருப்பது ஒரே ஒரு 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி. இரண்டு மூன்று வருடம் ஆனால் வோல்டேஜ் லேசாக ஆடும்போதுகூடத் தாங்காமல் கைவிட்டுவிடும், முன்பு சும்மா எக்செல் ஓட்டிய காலத்தில் சுமை குறைவு என்பதால் தெரிந்திருக்காது. சுவரில் செருகியும் அணைந்தது. சூடு பார்க்கச் சொன்னேன், கார்டு 70 டிகிரி, பிராசசர் 80-ஐத் தாண்டியது, நல்லதில்லை ஆனால் அணையும் அளவுக்கு இல்லை. கார்டின் பவர் லிமிட்டை எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் 75 சதவீதத்துக்கு இறக்கி ஆடச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஓடியது. அப்புறம் 100-க்கு ஏற்றினான், பத்தாவது நிமிடம் பொத்.

காசு செலவில்லாத இந்தச் சோதனை போதும், குற்றவாளி எஸ்எம்பிஎஸ். எண்ணளவில் அது இந்தச் சுமைக்குப் போதுமானதுதான், ஆனால் பன்னிரண்டு வருடம் ஓடிய கெப்பாசிட்டர்கள், திடீரென்று சுமை ஏறும்போது வோல்டேஜைப் பிடித்து நிறுத்தும் சக்தி அவற்றுக்கு இல்லை. நண்பனிடம் ஒரு 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு நாள் இரவல் வாங்கி, கேபினெட்டுக்கு வெளியே வைத்தே கேபிள்களைச் செருகி ஆடிப் பார்த்து, அணையவில்லை என்று உறுதியான பிறகுதான் புதிது வாங்கினான். சந்தேகத்தின் பேரில் எதையும் வாங்காதீர்கள், இரவல் கிடைக்கிற ஊர் நம் ஊர்.

ஓடுகிறது, ஆனால் வேகம் இல்லை

ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது பிசிஐஇ பதிப்பு 1.1 என்று காட்டும், மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தானே இறங்கியிருக்கும், பக்கத்திலிருக்கும் கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓடவிட்டு அப்புறம் பாருங்கள். 16 தடங்கள் (கார்டும் போர்டும் தரவு பரிமாறும் பாதைகள்) இருக்க வேண்டிய கார்டில் 4 அல்லது 8 என்று இருந்தால் கார்டு தப்பான ஸ்லாட்டில் இருக்கிறது, அல்லது தகட்டில் அழுக்கு.

ஆர்எக்ஸ் 6400-க்கும் 6500 எக்ஸ்டிக்கும் பிறவியிலேயே 4 தடங்கள்தான். புது போர்டில் பிசிஐஇ 4.0 என்பதால் விநாடிக்குச் சுமார் 8 ஜிபி போகும். மூன்றாம் தலைமுறை ஐ5-இல் 3.0, அது பாதியாகி 4 ஜிபி. இரண்டாம் தலைமுறை ஐ5-2400 போன்றவற்றில் 2.0 மட்டும், 2 ஜிபிதான் மிச்சம். கார்டின் மெமரி நிரம்பி ரேமிலிருந்து எடுக்க வேண்டி வந்ததும் படம் விக்கி விக்கி நகரும். அதனால் அப்படிப்பட்ட மிஷினுக்கு, காகிதத்தில் பழசாகத் தெரிந்தாலும், 16 தடங்களும் உள்ள ஜிடிஎக்ஸ் 1650-தான் நான் சொல்வேன்.

சித்தி மகனின் அடுத்த கேள்வி பிராசசரைப் பற்றி. ஐ5-3470-இல் நாலு கோர், நாலு த்ரெட் (ஒரே நேரத்தில் நாலு வேலை), புதுக் கேம்களில் கார்டு சும்மா காத்திருக்க இது மூச்சு வாங்குகிறது. அதே எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் ஐ7-3770 ஏறும், எட்டு த்ரெட், அதே 77 வாட், அதனால் பழைய கூலரே போதும். ஆனால் அதிலும் ஏவிஎக்ஸ்2 என்ற பிராசசர் கட்டளைத் தொகுப்பு கிடையாது, அது 2013-இல் வந்த நாலாம் தலைமுறையிலிருந்துதான் இருக்கிறது, அதைக் கட்டாயம் கேட்கும் புதுக் கேம்கள் என்ன கார்டு போட்டாலும் திறக்காது. எந்தெந்தக் கேம் ஆடப் போகிறான் என்று ஒரு பட்டியல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அதற்குள் அந்தப் பழைய பிராசசரின் மேல் காய்ந்து சுண்ணாம்பாகிக் கிடக்கும் தெர்மல் பேஸ்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னேன். எண்பதிலிருந்து அறுபத்தெட்டுக்கு இறங்கியதாம்.